வாவிக்கரையில் அரை மணித்தியாலம்

அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டாமல் எட்டு மாதமாகியிருந்தது. வேலியோரம் நிற்பதற்குக்கூட அம்மா விடமாட்டார். இளவயது ஆட்களைப் பிடித்துக்கொண்டு போக அந்த நாட்களில் ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு யன்னல், அவ்வளவுதான் அண்ணனுக்கு. அந்த யன்னலால் பார்த்தால் தென்னைகளுக்கு இடையில் வாவி கொஞ்சம் தெரியும். சோறு கொண்டு போனால் என்மேல் எரிந்து விழுவார். நானும் பதிலுக்கு எரிந்து விழுவேன். அடைபட்டிருப்பவருக்கு மட்டுமா சிறை, சோறு கொண்டு போகிறவளுக்கும் அதேதான்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் எங்கள் ஊரான கல்லடிக்கு வந்தார். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பெண். நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். நீருக்கும் மரத்துக்கும் பக்கத்தில் இருந்தால் மனம் எவ்வளவு இளகும் என்று அளப்பது அவருடைய வேலை. பத்துப் பேர் வாசிகசாலைக்குள் அரை மணித்தியாலம் இருக்க வேண்டும். இன்னும் பத்துப் பேர் அதே நேரம் வாவிக்கரையில், பேசாமல், ஒன்றும் செய்யாமல். முன்னும் பின்னும் ஒரு தாளில் உள்ள ஐந்து முகங்களில் ஒன்றுக்கு வட்டம் போட வேண்டும். முதல் முகம் அழும், ஐந்தாவது சிரிக்கும். பள்ளிக்கூடச் சோதனை எழுதிவிட்டுச் சும்மா இருந்த என்னை உதவிக்கு வைத்துக்கொண்டார்.

வெடிச் சத்தத்துக்கு நடுவில் மனதை அளக்க வந்த ஆளை நினைத்து ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அண்ணனை ஒருமுறை கரையில் இருத்திவிட வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிட்டது. மிஸ் ஆமி முகாமில் அனுமதிக் கடிதம் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் நடக்காது என்று மூன்று நாள் கெஞ்சி அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். யார் உள்ளே, யார் கரையில் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்க வேண்டும் என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மற்றவர்களுடைய சீட்டைக் குலுக்கினேன். அண்ணனுடையதைக் குலுக்காமலே கரைப் பக்கம் வைத்தேன்.

கவனம் சிதறக்கூடாது, கரைக்குப் போகிறவர்கள் கையில் இருப்பதை உன்னிடம் தந்துவிட்டுப் போகட்டும் என்றார் மிஸ். அவர் நினைத்தது குடையை, கடிகாரத்தை. எங்கள் ஆட்கள் முதலில் நீட்டியது அடையாள அட்டையை. பேனையும் தாளுமாக யார் முன்னால் இருந்தாலும் அட்டையை எடுத்து நீட்டிப் பழகிய கைகள். நானும் அதே ஊர்க்காரிதானே. ஏன் என்று கேட்காமல் பத்தையும் வாங்கிப் பைக்குள் போட்டேன். மிஸ் உள்ளே மற்றப் பத்துப் பேருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கரைக்கு நடப்பதை வாசிகசாலை வாசலில் நின்று பார்த்தேன். வெயில் கூசி, நெற்றியில் கை வைத்தபடி நடந்தார். தண்ணீரோரம் ஒரு கண்டல் மரத்தடியில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீருக்குள் விட்டார். எட்டு மாதமாகக் காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆமி ரோந்து வந்தது. கடிதம் கொடுத்த முகாம் வேறு, வந்தவர்கள் வேறு. பத்துப் பேர் கையில் தூண்டில்கூட இல்லாமல், வாய் பேசாமல், ஆளுக்கொரு மரத்தடியில் வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அட்டையைக் கேட்டார்கள். ஒருவரிடமும் இல்லை. பத்துப் பேரையும் முழங்காலில் நிறுத்தினார்கள்.

பை என் தோளில் தொங்கியது. நான் நகரவில்லை. எவ்வளவு நேரம் என்று இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. பையோடு ஓடினால் சுடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், கால் வரவில்லை. ஒருவரைத் துவக்குப் பிடியால் தட்டியபோதுதான் அட்டைகளை வெளியே எடுத்து, பையை எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒவ்வொரு அட்டையாக முகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒன்பது பேர் எழும்பினார்கள். அண்ணனுடைய படத்தில் மழித்த முகம். முழங்காலில் நின்றவருக்கு நெஞ்சுவரை தாடி. வீட்டுக்குள் கிடந்தவருக்குச் சவரம் எதற்கு? ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லில் என் அண்ணன் என்றேன். அவன் அண்ணனின் கையைப் பிடித்துத் தாடியை மறைக்க வைத்தான். கண்ணை மட்டும் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு அட்டையை மண்ணில் போட்டுவிட்டுப் போனான்.

மிஸ் வெளியே ஓடி வந்தார். தாள் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றார். யாரும் போகவில்லை. தாள் என்றிருந்தால் நிரப்பிக் கொடுத்த பிறகுதான் விடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்த சட்டம். பத்துப் பேரும் வரிசையில் நின்று சிரிக்கிற முகத்துக்கு வட்டம் போட்டார்கள். அண்ணனும் போட்டார். மிஸ் அந்தத் தாள்களை ஆய்வில் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணன் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எரிந்து விழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தேத்தண்ணீர் கொண்டு போனேன்.

“அந்த யன்னலையும் சாத்து தங்கச்சி,” என்றார். “தண்ணியப் பாக்க ஏலாம இருக்கு.”

எட்டு மாதமும் திறந்தே கிடந்த யன்னல். என் கையால்தான் சாத்தினேன்.