வீட்டுத் தலைவர் இல்லாத பிள்ளைகள்

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருடம். ஜாலான் புசாரில் இருந்த அரிசிக் கார்டு அலுவலகத்தில் இராசமலர் கிளார்க்காக இருந்தாள். தெருவில் கிடக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பங்கீட்டு அரிசி கொடுக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. பட்டியல் எடுக்கும் பொறுப்பை அவள் ஆசையோடுதான் ஏற்றாள்.

ஒரு வாரம் சிராங்கூன் ரோடு முழுக்க அலைந்தாள். கடைவாசல்களில் சாக்கு விரித்துக் கிடந்த நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயரை எழுதினாள். பாதிப் பேருடைய தகப்பன்மார் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாதவர்கள். பூவம்மா என்ற ஒன்பது வயதுக்காரி தன் பெயரையும் தங்கை பெயரையும் சொல்லிவிட்டு, "செத்துப்போன தம்பி பேரும் எழுதணுமாக்கா?" என்றாள்.

தலைமைக் கிளார்க் தனசேகரன் பட்டியலையும் கார்டுக்கான பாரங்களையும் புரட்டினார்.

"வீட்டுத் தலைவர் கையெழுத்து எங்கம்மா?"

"வீடே இல்லாத பிள்ளைங்க சார். அதுக்குத்தானே பட்டியலே கேட்டாங்க."

"பாரத்துல அந்த இடம் காலியா இருந்தா கார்டு போட முடியாது."

கையெழுத்துக்காகக் கடை கடையாக ஏறினாள். பாரத்தில் பெயர் விழுந்தால் ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று எல்லோரும் பின்வாங்கினார்கள். மரவள்ளிக்கிழங்கு அவித்து விற்ற ஜைனப் மட்டும் ஆறு பிள்ளைகளுக்குக் கைநாட்டு வைத்தாள். "ஆம்பளை இல்லாத வீடு. இங்க வந்து யாரைப் பிடிப்பான்?" பூவம்மாவையும் தங்கையையும் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டு இராசமலரே கையெழுத்திட்டாள். எட்டுக் கார்டு கிடைத்தது. மற்றவர்களுக்காக எழுதிய மூன்று மனுக்களும் போன வேகத்தில் திரும்பின.

நான்காவது மனுவை நேரே கொண்டுபோனபோது தனசேகரன் அதை வாங்கவில்லை.

"அந்தக் காரியம் முடிஞ்சு போச்சு. நாற்பத்தொரு பேருக்கும் உதவி கொடுத்தாச்சுன்னு ரிப்போர்ட் மேல போயிடுச்சு."

"யார் எழுதினது?"

"நான்தான். உத்தரவு நிறைவேறலைன்னு எழுதினா என் தலை இருக்காதும்மா."

அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பாள். மனுவைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அடுத்த வாரம் ஜப்பான்காரனின் லாரி ஒன்று வந்து கார்டு இல்லாத பிள்ளைகளை அள்ளிப்போனது. எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பிய பிறகும் அலுவலகம் அலுவலகமாக ஏறிக் கேட்டாள். அப்படிப் பிள்ளைகள் இருந்ததாகவே காகிதம் இல்லை என்றார்கள். பூவம்மாவும் தங்கையும் அவளோடுதான் வளர்ந்தார்கள்.