முதல் பக்கத்தில் போனவன்

தமிழை நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஒரு நாவலை முழுசாகக் காதால் கேட்டவள் நான். அது உருப்படாத நாவல் என்று சொல்லவும் எனக்குத் தெரியும்.

அப்போது அம்மாவும் அத்தையும் மட்டாஞ்சேரியில் சுக்குக் கிட்டங்கியில் நல்லது கெட்டது பொறுக்கிப் பிரிக்கும் வேலை பார்த்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். அங்கே தமிழ் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். அவள் கதை வாசிக்க, மற்றப் பெண்கள் அவள் பங்குச் சுக்கையும் பொறுக்கி அவள் முறத்தில் போடுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் வந்தது ஒரு மர்ம நாவல். முதல் பக்கத்திலேயே ஒருவன் குடையோடு வீட்டைவிட்டு இறங்கினான்; திரும்பவில்லை. அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்பா வேலை தேடி லாஞ்சிப் படகேறிப் பேர்ஷியாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு கடுதாசி இல்லை. அத்தைக்கு அவர் ஒரே தம்பி.

பிறகு கதைக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இரட்டைச் சகோதரிகள், வைரம் கடத்தும் டாக்டர், ஊமையாக நடிக்கும் சமையல்காரன், போதாததற்கு ஒரு பொய்ச் சாமியார்.

"இன்னும் ரெண்டு பேர் ஏறினா படகே முங்கிடும்," என்றாள் எதிரே இருந்த சேச்சி.

அம்மா சிரிக்கவில்லை. "அதெல்லாம் கெடக்கட்டும் அக்கா. கொடையோட போனவன் எங்கே?"

கடைசிப் பக்கத்தில் வைரம் கிடைத்தது, சகோதரிகளுக்குக் கல்யாணமும் ஆனது. குடைக்காரனைக் கதை எழுதியவனே மறந்துவிட்டான். அம்மா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை புத்தகத்தை வாசகசாலையில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மத்தியானம் பார்த்தால், அத்தை மடியில் தாள் அட்டை போட்ட ஒரு புத்தகம்.

"நேத்து ரெண்டு பக்கம் ஒட்டிப் பிடிச்சிருந்துது. இப்பக் கேளுங்க."

குடைக்காரன் வந்தான். கால் முறிந்து ஏதோ துறைமுகத்து ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். நடந்தே வீடு வந்து குடையைக் கதவோரம் சாத்தினானாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்! அதைத்தான் காலையிலயே குடுத்தாச்சே. இது என்னோட மலையாளப் பாடப் புஸ்தகம்!"

அத்தையின் முகம் வெளுத்தது. அம்மா தன் முறத்திலிருந்து நல்ல சுக்காக இரு கையாலும் அள்ளி அத்தையின் முறத்தில் போட்டாள்.

"நீ வாயை மூடிக்கிட்டுப் பொறுக்கு," என்றாள் என்னிடம். "வாசிங்க அக்கா. கொடையைச் சாத்தினான். அப்புறம்?"

அத்தை வாசித்தாள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் உள்முற்றம் வரை ஓடியது என்று வாசித்தாள். உண்மையைச் சொன்ன எனக்கா திட்டு என்று வீடு வரை அழுதுகொண்டே போனேன்.

காலையில் அந்த நாவலைத் துடைத்து என் கையில் கொடுத்து, "போய்த் திருப்பிக் குடுத்துட்டு வா," என்று அனுப்பியவளே அம்மாதான். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.