எரியாமல் தப்பிய பாட்டு

எங்கள் மரக்குடிலில் காகிதம் என்றால் நெருப்புக்குத்தான். வேலை முறை முடிந்ததும், கிறுக்கிய துண்டு வரைக்கும் சாக்கில் திணித்து உலைக்கு அனுப்பிவிட வேண்டும். ஜெர்மன்காரனின் சங்கேதச் செய்திகளை உடைக்கிற இடத்தில் வேறெப்படி? அந்தச் சாக்கில்தான் ஹெஸ்டரின் பாட்டுகளும் போயின.

ஹெஸ்டர் பார்கெட்டர் எனக்குப் பக்கத்து மேசை. இயந்திரம் கக்கும் எழுத்துகளைச் சொல்லாகப் பிரித்துத் தட்டச்சு செய்வாள். அடுத்த செய்தி வரும்வரை, கழித்த தாளின் பின்பக்கம் ஏதாவது எழுதுவாள். கழுநீர் மாதிரித் தேநீர், புகையை மட்டும் தருகிற அடுப்பு, மேலாளரின் மூக்கு என்று எதையும் விடமாட்டாள். சுவரில் குத்தி வைத்துச் சிரிப்போம். முறை முடிந்தால் அதுவும் சாக்குக்கு. ஒரு வரிகூட இன்று எனக்கு முழுசாக நினைவில்லை. தூக்கத்தைத் தவிர வேறெதையும் நினைக்கத் தெம்பில்லாத காலம் அது.

இரண்டாம் உலகப் போரின் நாலாம் வருஷம், மார்ச் மாதம். ஒரு மத்தியானம் அவள் தட்டச்சு சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தன் தலைமையகத்துக்கு அனுப்பிய செய்தி. மூழ்கடித்த கப்பலின் பெயர் இருந்தது. யாரும் பிழைக்கவில்லை என்றும் இருந்தது. அது அவள் தம்பி வில்ஃப் வேலை பார்த்த கப்பல்.

மிச்சத்தையும் தட்டி முடித்துத் தாளைத் தட்டில் வைத்தாள்.

"நோரா, டீ ஏதாவது மிச்சம் இருக்கா?"

அவ்வளவுதான். வாயைத் திறந்தால் எதிரியின் செய்தியைப் படிக்கிறோம் என்பது வெளியே போய்விடும். பெற்ற தாயிடமும் சொல்லமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்.

அந்த ஞாயிறு அவளுக்கு விடுமுறை. தனியாக விட மனமில்லாமல் நானும் அவள் ஊரான ஹல் நகரத்துக்கு ரயிலேறினேன். வீட்டில் அவள் அம்மா வில்ஃபின் பிறந்தநாளுக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். கம்பளிக் காலுறையும், பங்கீட்டுச் சர்க்கரையை மிச்சம்பிடித்துச் செய்த கேக்கும். வருஷா வருஷம் ஹெஸ்டர் தம்பிக்கு ஒரு கேலிப்பாட்டு எழுதுவது அந்த வீட்டு வழக்கம்.

"உக்காருடி. பாட்டு இல்லாம பார்சல் போச்சுன்னா அவன் என்னைத்தான் திட்டுவான்."

"ரொம்ப அலுப்பா இருக்கும்மா. அடுத்த வாரம் எழுதி அனுப்புறேனே."

"உக்காந்து டைப் அடிக்கிறதுல என்னடி அலுப்பு? அவன் நடுக்கடல்ல குளிர்ல வெறைச்சுக்கிட்டுக் கெடக்கான்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஹெஸ்டர் எழுதினாள். வில்ஃபின் பெரிய காதுகளைக் கிண்டலடித்தாள். எப்போது வந்து தன் சைக்கிளை ரிப்பேர் செய்யப் போகிறான் என்று கேட்டாள். முடித்ததும் தாளைக் கசக்கினாள், கை தன்பாட்டில் அடுப்புப் பக்கம் நீண்டது. எழுதியதை எரிப்பது எங்களுக்கு அப்படிப் பழகிப் போயிருந்தது. அம்மா பாய்ந்து பிடுங்கினாள்.

"பைத்தியமாடி உனக்கு? எழுதினதையெல்லாம் எரிக்கத்தான் சம்பளம் குடுக்குறாங்களா அங்க?"

படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஹெஸ்டரும் கூடவே சிரித்தாள். அதைப்போல் கொடுமையான சிரிப்பை நான் கேட்டதில்லை.

வில்ஃபின் சாவுத் தந்தி வரப் பல வாரம் ஆயிற்று. கப்பல் எந்த நாளில் மூழ்கியது என்று அதில் இல்லை. பிறகு பார்சலும் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. அம்மா பாட்டை எடுத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். போர் முடிந்து நான் போகும்போதெல்லாம் அதைக் காட்டி ஒரே பேச்சுத்தான்.

"பாரு நோரா, இவ இதை எழுதுறப்ப என் புள்ள எங்கயோ சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்திருப்பான். அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

"ஆமாம்மா" என்பாள் ஹெஸ்டர். அம்மா சாகும்வரை அவள் சொன்ன பதில் அதுதான்.

எங்கள் வேலையைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லலாம் என்று அனுமதி வந்தபோது அம்மா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சங்கேதம் உடைத்தவர்கள் எழுதிய பாட்டுகளைத் தேடிக்கொண்டு வானொலிக்காரர் ஒருவர் ஹெஸ்டர் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"அந்த நாள்ல எழுதினது ஒண்ணாவது கைவசம் இருக்குங்களா?"

அம்மா வீட்டிலிருந்து எடுத்து வந்த அந்தப் பாட்டு, சட்டத்தோடு அவர் தலைக்கு மேலே தொங்கியது. ஹெஸ்டர் அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லைங்க. எல்லாத்தையும் எரிச்சாச்சு."