கணவருக்காகக் கேட்ட பதிமூன்று ஆல்பங்கள்

பதினேழு வருடங்களாக, ஞாயிறு என்றால் என் கணவர் ஒரு ராக் பேண்டின் பெயர் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்தான் போடுவார். பெண் பார்த்த மறுவாரம் மாடுங்காவில் ஒரு ஹோட்டலில் தனியாகச் சந்தித்தபோதும் அதுதான். வித்தியாசமான ஆள் என்று நினைத்துத்தான் சம்மதித்தேன்.

அவருக்குப் பிடித்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லையே என்று சென்ற மாதம் உறைத்தது. வேலைக்குப் போகும் டோம்பிவிலி லோக்கல் ரயிலில் நின்றபடியே முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்கினேன். முதல் இரண்டும் வெறும் இரைச்சல். நான்காவதில் ஒரு கிடார் வந்தது. காட்கோபரில் இறங்க வேண்டியவள் தாதர் வரை போய்விட்டேன். நேற்று பதிமூன்றாவதும் முடிந்தது.

இன்று எங்கள் திருமண நாள். அதே மாடுங்கா ஹோட்டலில் காபி வந்ததும் பெருமையாகச் சொன்னேன்.

"பதிமூணு ஆல்பமும் கேட்டுட்டேன். எனக்கு ஏழாவதுதான் பிடிச்சுது. உங்களுக்கு எது?"

மனிதர் டபராவையே பார்த்தார்.

"பதிமூணா இருக்கு?"

"என்னது?"

"அரே, கோவிச்சுக்காதே. எனக்கு ரெண்டு பாட்டுதான் தெரியும். அன்னிக்குப் போட்டுண்டு வந்தது ரூம்மேட்டோட டீ-ஷர்ட். உனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னியா, அப்புறம் வாங்கிண்டே இருந்தேன்."

எனக்காகப் பதினேழு வருடம்! கோபப்படவே முடியவில்லை. சிரித்ததில் காபி மூக்கில் ஏறியது.

திரும்பும் ரயிலில் இயர்போனில் ஒன்றை அவர் காதில் செருகி, முதல் ஆல்பத்தைப் போட்டேன். தாணே வந்ததும் மெல்லக் கேட்டார்.

"இது எப்போ நன்னா ஆகும்?"

ஆக, வீட்டில் உண்மையான ரசிகை நான்தான். உங்கள் வீட்டு ரசிகரையும் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.