கீறலும் ஒரு கோப்பைக் கஞ்சியும்

என் மகளின் வயிற்றில் வலப்பக்கம் ஒரு கீறல் இருக்கிறது. தொப்புளுக்குள் ஒரு சின்னத் துளையின் அடையாளமும் இருக்கிறது. துளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கீறலைப் பற்றிக் கேட்காத பெண் எங்கள் தெருவில் இல்லை. "ஓட்டை போட்டுச் செய்யலையா?" என்பார்கள், நல்ல துணி இருக்க நான் மட்டத் துணியை வாங்கி வந்த மாதிரி. கல்முனையில் இப்போது எல்லோரும் டொக்டர்தான்.

போன வருடம் நோன்பு மாதம். பத்து வயதில் அவள் பிடித்த முதல் நோன்பு அது. விடியுமுன் சஹருக்குத் தானே எழும்பி, சோறும் தயிரும் சாப்பிட்டு, நோன்பு வைக்கும் நிய்யத்தும் சத்தமாகச் சொன்னாள். காலையில் வயிறு நோகிறது என்றபோது எல்லோரும் சிரித்தோம். நோன்பு பிடித்தவளுக்கு வயிறு நோகாமல் காலா நோகும் என்று நானே சொன்னேன். நடுப்பகல், லுஹர் நேரம், வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். வலக்காலை மடக்கிக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்தாள். அந்த நிலையிலும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சத்தி எடுத்தா நோன்பு முறியாதுதானே உம்மா?"

என் கணவர் கட்டாரில். அவருடைய ராத்தாதான் ஓட்டோ பிடித்து வந்தார். எனக்கு மதினி, மகளுக்கு மாமி. இரண்டு பேரும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் பார்த்துவிட்டு, குடல்வால் வீங்கியிருக்கிறது என்றார் டொக்டர். தன் வயிற்றிலேயே விரலை வைத்துக் காட்டினார். "தொப்புள்ளயும் இன்னும் ரெண்டு இடத்துலயும் சின்ன ஓட்டை போட்டு, கமெரா விட்டு எடுப்பம். நோவு குறைவு, சுறுக்கா வீட்ட போகலாம். உள்ளுக்க வெடிச்சிருந்தா, இல்ல சரியாத் தெரியாட்டி, கீறித் திறந்துதான் செய்யணும். ரெண்டுக்கும் நீங்க சம்மதிக்கணும்."

நான் ஓம் என்றேன். எதற்குக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஓட்டையாலயே எடுங்க டொக்டர், பொம்புளப் புள்ள" என்றார் மதினி. கட்டாரிலிருந்து வந்த குரல் செய்தியும் அதையே சொன்னது. தங்களுக்கும் அதுதான் விருப்பம் என்றார் டொக்டர்.

பக்கத்துக் கட்டிலில் தம்பிலுவில் ஊர்ப் பிள்ளை ஒன்று. என் மகளின் வயதுதான் இருக்கும். அதே குடல்வால் வருத்தம், முதல்நாள் துளை போட்டுச் செய்திருந்தார்கள். அது எழும்பி நடந்து, பிஸ்கட் கூடத் தின்றது. அதன் தாய் சட்டையைத் தூக்கி மூன்று சின்னப் பிளாஸ்டர்களைக் காட்டினாள். "பாருங்க அக்கா, இவ்வளவுதான். பயப்பிடாதீங்க." அவற்றைப் பார்த்ததும் என் மகளின் வயிற்றிலும் மூன்று பிளாஸ்டர்களை நான் மனதால் ஒட்டிவிட்டேன்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பிறகு ஒப்பரேஷன் தியேட்டருக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது என்றார் தாதி. பிள்ளை நோன்பு, சஹருக்குப் பிறகு ஒன்றும் இறங்கவில்லை என்றேன். அப்படியென்றால் இன்னும் நல்லது என்றார். சேலைன் ஏறத் தொடங்கியதும் மகள் மாமியைப் பார்த்தாள். "முறியாது புள்ள, நீ படு" என்றார் மதினி.

நோன்பு திறக்கும் பாங்கு சொன்னது. நான் வார்டின் மறுகோடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தொழுதேன். திரும்பி வந்தபோது மதினியின் கையில் வெறுங்கோப்பை. வார்டில் நோன்பாளிகளுக்குக் கொடுத்த கஞ்சி.

"என்ன மதினி செஞ்சீங்க?"

"பாங்கு சொல்லிட்டாங்க. வாயால குடுக்கப்படாதெண்டது நோன்பு திறக்கும் மட்டும்தானே. முத நோன்பு. திறக்காம எப்படிப் புள்ளய உள்ளுக்க அனுப்புற?"

அவருக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது. வயிறு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே காரணம்தான் இருந்தது. அந்தக் காரணம் பாங்கோடு முடிந்துவிட்டது.

"நான் முழுசாப் பிடிச்சிட்டன் உம்மா" என்றாள் மகள். உதட்டில் ஒரு துண்டு இஞ்சி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை, பயமும் வரவில்லை. போய்த் தாதியிடம் சொன்னேன்.

மயக்கத்தில் கஞ்சி மேலே வந்து சுவாசப்பைக்குள் போய்விடலாம் என்று ஒப்பரேஷனைத் தள்ளிவைத்தார்கள். காத்திருந்த இடையில் மகள், "இப்ப நோகல்ல" என்றாள். மதினி அல்ஹம்துலில்லாஹ் என்று கையேந்தினார். கஞ்சி வேலை செய்துவிட்டதாம். டொக்டர் ஓடி வந்து வயிற்றை அமத்திப் பார்த்த பிறகுதான், நோவு திடீரென்று நிற்பது நல்லதல்ல, குடல்வால் வெடித்ததன் அடையாளம் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதற்குமேல் அவர்கள் காத்திருக்கவில்லை.

காலையில் டொக்டர் சொன்னார்: கமெராவால்தான் தொடங்கினோம், உள்ளே எல்லாம் சீழ், குடல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, திறந்து கழுவவேண்டியதாகிவிட்டது.

"அந்தக் கஞ்சியாலயா டொக்டர்?" மதினிதான் கேட்டார்.

"நேரத்தோட எடுத்திருந்தாலும் திறக்க வேண்டி வந்திருக்கலாம். அப்பிடிச் சொல்ல ஏலா."

மதினி அதை நம்பவில்லை. நான் நம்பவும் இல்லை, நம்பாமல் விடவும் இல்லை. அன்றைக்கே தம்பிலுவில் பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனது. என் மகள் வயிற்றில் குழாயோடு அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு காயம் பழுத்தது, திரும்பவும் மருந்து, திரும்பவும் காய்ச்சல். பெருநாளும் வார்டில்தான். புதுச் சட்டையைப் போர்வைக்கு மேலே விரித்து வைத்திருந்தோம்.

மகளுக்கு மயக்கம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சோறு ஆக்கினேன், ஆட்களோடு சிரித்துக் கதைத்தேன், எதுவும் உள்ளே இறங்கவில்லை. மதினியோடு நான் சண்டை பிடிப்பேன் என்று தெருவே எதிர்பார்த்தது. சண்டைக்குக்கூட ஒரு உயிர் வேண்டுமே. அவர் தினமும் வந்து மகளைக் குளிப்பாட்டினார், தலை வாரிவிட்டார். கீறலை மட்டும் பார்க்கமாட்டார்.

இந்த வருடம் மகள் மீண்டும் நோன்பு பிடித்தாள். நான் தடுக்கவில்லை. மஃரிபுக்கு மதினி கஞ்சி கொண்டு வந்தார். பாங்கு சொல்லத் தொடங்கியது. மகள் பாயில் இருந்தபடி கையை நீட்டினாள். மதினி கோப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குடுக்கவா?" என்று என்னிடம் கேட்டார்.

என்னைத் தன் தம்பிக்குப் பார்த்துப் பேசிக் கட்டிவைத்தவர் அவர். இந்த வீட்டில் எதற்கும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. என் முகத்தையே பார்த்ததில் கோப்பை சரிந்தது. கஞ்சி விளிம்பால் வழிந்து அவர் விரலில் பட்டது. சூடாகத்தான் இருந்திருக்கும், அவர் கையை மாற்றவில்லை.

"குடுங்க மதினி" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. ஒரு வருடத்து அழுகை. மதினியும் கோப்பையைக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்து அழுதார்.

மகள் ஒரு மிடறு குடித்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாங்கு சொல்லிட்டாங்க" என்றாள். "ரெண்டு பேரும் நோன்பைத் திறந்திட்டு அழுங்களன்."