ரங்கராஜன் மாறி உட்கார்ந்த நாற்காலி

வணக்கம் சொல்வதற்கு முன் ரங்கராஜன் எதிரில் நிற்பவரின் காலரைத்தான் பார்ப்பார். "கஞ்சி ஜாஸ்தி. இந்தக் காலர் ரெண்டு மாசம் தாங்காது" என்றார், மாடியேறி மூச்சு வாங்க வந்து நின்ற ஏழுமலையிடம். காளிகாட் மெட்ரோவுக்குப் பின்னால் ஒற்றை அறை. தென் கொல்கத்தா சலவைக்கடைக்காரர் சங்கத்தின் புகார்க் குழு சனிக்கிழமைதோறும் அங்கேதான் கூடும். ரங்கராஜன் அதன் தலைவர்.

ஏழுமலை துறைமுக அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவன். மனைவி பூர்ணிமாவின் கூறைப்புடவையை பாலிகஞ்சில் சலவைக்குப் போட்டிருந்தான். திரும்பி வந்தபோது முந்தானையில் துருக்கறையோடு இரண்டு பொத்தல். "கடைக்காரங்க கூட்டத்துல கடைக்காரனுக்குத்தான பேசுவாங்க" என்று பூர்ணிமா சொல்லித்தான் அனுப்பினாள். அவனுக்கும் அதே எண்ணம்தான்.

ரசீதைப் பார்த்ததும் ரங்கராஜன் எழுந்துவிட்டார். "இது என் கடை. இதுல நான் தீர்ப்பு சொல்லப்படாது." மேசையைச் சுற்றி வந்து, புகாருக்கு ஆளான கடைக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் அமர்ந்தார். குழுவில் வாடிக்கையாளர் சார்பாக இருக்கும் ஸ்மிதா டீச்சர் அவர் இடத்துக்கு நகர்ந்தார். கடையைக் கவனிக்கும் ரங்கராஜனின் அக்கா பிள்ளை ஸ்ரீநாத்துக்குப் போன் போயிற்று. ஸ்கூட்டரில் பறந்து வந்தான்.

குழுவுக்குப் போலீஸ் பலமோ கோர்ட் முத்திரையோ கிடையாது. கடைக்காரர்களே தங்களுக்கென்று எழுதிக்கொண்ட பதினேழு விதிகள், அவ்வளவுதான். மீறினால், நம்பகமான கடை என்பதற்கு அடையாளமாகச் சுவரில் மாட்டியிருக்கும் சங்கத்தின் பச்சைப் பலகையை மூன்று மாதம் கழற்றிவிட வேண்டும். துர்கா பூஜைக்கு ஐந்தே வாரம். வருஷத்து வியாபாரத்தில் பாதி அப்போதுதான். பலகை இல்லாத கடைக்குப் பட்டுப்புடவை வராது.

டீச்சர் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பழைய பட்டு, ரங்கா தா. பூச்சி அரிச்சிருக்கலாமே?" என்றார் பெங்காலியில், அண்ணன் என்று பொருள்படும் 'தா' போட்டு, தயவாக.

ஸ்ரீநாத் அதைப் பிடித்துக்கொண்டான். "பூச்சியேதான் மாமா!"

"அளவெடுத்துண்டா கடிக்கும் பூச்சி, அசடே?" ரங்கராஜன் மேசையிலிருந்த ஸ்டேப்ளரிலிருந்து ஒரு பின்னை உருவிப் பொத்தல்களின் மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "துணியில நம்பர் டேக்கை நூலால தைக்கணும்னு ஒன்பதாம் விதி. இவன் அவசரத்துல பின் அடிச்சிருக்கான். இஸ்திரி ஆவி பட்டா ஒரே நாள்ல துரு. எழுதிக்கோங்கோ டீச்சர்."

ரேஷன் கடை, உர டிப்போ என்று ஊரில் எத்தனையோ மேசைகளின் முன் நின்றவன் ஏழுமலை. தனக்கே எதிராகச் சாட்சி தேடித் தருகிற மனிதரை இன்றுதான் பார்க்கிறான்.

"சார், நான் வேணா புகார வாபஸ் வாங்கிக்கிறேன். பூஜை நேரம் வேற..."

"தாராளமா வாங்கிக்கோங்கோ. பொத்தல் வாபஸ் ஆகுமோ?"

டீச்சர் ஒரு பெருமூச்சுடன் எழுதினார்: புடவையைக் கடை தன் செலவில் சரிசெய்து தர வேண்டும்; பலகை இறங்க வேண்டும்.

கிழிசலை இழை கோத்து மறைக்கும் ரஃபூக்காரர் கையிலிருந்து திரும்பிய முந்தானையில் பொத்தல் இருந்த இடத்தைப் பூர்ணிமாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது பாலிகஞ்ச் முழுக்கப் பூஜைக் கூட்டம். ரங்கராஜன் பலகை இல்லாத தன் கடையில் உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரியாத யாராவது பட்டுப்புடவையை நீட்டினால் கை நீட்டி வாங்குவதில்லை. முதலில் சுவரில் பலகை தொங்கிய இடத்தில் புகை படியாத அந்தச் சதுரத்தை விரலால் காட்டுகிறார்.