பொங்கல் அடுப்பிலிருந்து ஏறிய பலூன்

2023 ஜனவரி 15, ஞாயிறு, காலை ஆறு மணி பத்து நிமிடம். கடும் குளிர், காற்று இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்து வாசலில் பதினோரு பொங்கல் அடுப்புகளை அடுக்கி வைத்திருந்தோம். மேட்டிலுள்ள ஓட்டலில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்க ஒரு பெரிய பலூன் காத்திருந்தது. அங்கிருந்து ஓர் அதிகாரி இறங்கி வந்தார்.

"எட்டு மணி வரைக்கும் அடுப்பு பத்த வைக்காதீங்க. மேலருந்து படம் எடுக்கிறாங்க, பொகை மறைச்சிரும்."

"சூரியனையும் எட்டு மணிக்கே வரச் சொல்லிட்டீங்களா தம்பி?" என்றாள் கொழுந்தெடுக்கும் பக்கத்து வீட்டுக்காரி.

ஓய்வுபெற்ற ஆசிரியனான நான் ஓட்டல் ஊழியர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க. வேலைய நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். குனிந்து என் அடுப்பைப் பற்றவைத்தேன். மற்ற பத்தும் எரியத் தொடங்கின.

அதோடு எனக்கு ஆறவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டவென்று பதினாறு டிஷ்யூ தாள்களில் ஒட்டியிருந்த பலூனை எடுத்துவந்தேன். நாலு பேர் அதன் வாயை விரித்து அடுப்புக்கு மேலே பிடித்தார்கள். சூடு நிரம்பியதும் அது கைகளை விட்டுத் தகரக் கூரைக்கு மேலே ஏறியது. "பொங்கலோ பொங்கல்!" என்று ஓட்டலுக்குக் கேட்கும்படி கத்தினோம்.

மறுவருடம் எல்லா லயங்களும் பலூன் விட்டன. இப்போது டவுனிலிருந்தும் ஆட்கள் வந்து அதைப் பலூன் திருவிழா என்கிறார்கள். இன்றுவரை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

அந்த முதல் பலூனுக்கு மறுநாள், திங்கட்கிழமையே, ஓட்டலில் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒப்பந்தத்தில் மீதியிருந்து கைவிட்டுப்போன மூன்று மாதச் சம்பளம் நாற்பத்தைந்தாயிரம், தாள் நானூற்று எண்பது, பசைக்கு மாவு நூற்றிருபது. மொத்தம் நாற்பத்தைந்தாயிரத்து அறுநூறு ரூபா.